எட்டாம் பாடம்

விடிவதற்கு முன்னால் பாய்லருக்கு நெருப்பு வைத்துவிட வேண்டும். நேற்றைய சாம்பலை வாரி, தண்ணீர் மட்டம் கண்ணாடியில் ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்து, விறகைத் திணித்து, ஆவி ஏறுவதற்குள் முதுகு நனைந்துவிடும். அதற்குள் ஆஸ்பத்திரி வண்டி வந்து மூட்டைகளை உருட்டிவிட்டுப் போயிருக்கும். அந்த மூட்டையைப் பிரிக்கிற வேலை யாருக்கும் வேண்டாம். ரத்தம் காய்ந்து தகரம் மாதிரி விறைத்த விரிப்புகள். சீழ், மருந்து, மலம். சில நாள் உள்ளே ஊசி இருக்கும். ஒரு நாள் மடிப்புக்குள் யாருடைய பல்லோ இருந்தது. மூட்டை பிரிக்கிற மொட்டை அதை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, "மொளைச்சா சொல்லுங்க" என்றான். எங்கள் சிரிப்பெல்லாம் அந்த மாதிரிதான்.

நான் பாய்லர்காரன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்துவிட்டது. யாரையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை. முதலாளியை நம்பாதது பெரிய விஷயமில்லை, அது எல்லோரும் செய்வது. கூட வேலை செய்கிறவனையும் நான் நம்புவதில்லை. கும்பலாக இருந்தால் கையைத் தூக்குவார்கள். சம்பள நாள் வந்தால் அதே கையை நீட்டுவார்கள். இந்த வயதுக்குள் நிறையப் பார்த்தாயிற்று.

சலவைக்கூடத்தின் நடுவில் உருளை இருக்கிறது. ஆள் நீளத்துக்கும் மேலான இரும்பு உருளைகள். அவற்றுக்குள் நான் அனுப்புகிற ஆவி ஓடும். ஈர விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பெண்கள் பிடித்து உள்ளே ஊட்டினால், அந்தப் பக்கம் காய்ந்து தட்டையாக வெளியே வரும். இந்த இரண்டு பேரை ஜோடி என்போம். விரிப்பு சுருட்டிக்கொண்டால் கையை எடுத்துவிட்டு "வெட்டு" என்று கத்த வேண்டும். மெயின் சுவிட்சு என் தோளுக்கு நேரே சுவரில் இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் என் கை தானாகப் போய் அறைந்துவிடும். தூக்கத்தில்கூட அறைந்திருக்கிறேன். என் மனைவி இருந்தவரை, வீட்டுச் சுவர் என்ன பாவம் செய்தது என்று திட்டுவாள்.

உருளையோடு ஒரு சிவப்புக் கயிறும் வந்தது. ஊட்டுகிறவர்களின் மார்புக்கு நேரே குறுக்காகப் போகும். இழுத்தால் உருளை நிற்கும். விரிப்பு உரசினாலே நிற்கிறது, வேலை கெடுகிறது என்று சூப்பர்வைசர் அதைத் தூக்கி மேலே ஆவிக்குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டார். நாங்களும் அதை மறந்துபோனோம். எங்களுக்குத்தான் தொண்டை இருந்ததே.

போன மழைக்காலத்தில் முதலாளி எங்களை வரிசையாக நிறுத்தினார். பாதுகாப்புப் படிப்பு முடித்த தொழிலாளிகள் இருந்தால்தான் துணி கொடுப்போம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்.

"இந்த வயசுல படிக்க யாருக்குக் குடுத்து வைக்கும்? பெஞ்சுல உக்கார வேண்டாம், வாத்தியார்கிட்ட அடி வாங்க வேண்டாம். வீட்டுல சாஞ்சுக்கிட்டே போன்ல பாக்கலாம்."

"வேலை நேரத்துல பாக்கலாமாய்யா?" என்று மொட்டை கேட்டான்.

"வேலை நேரத்துல வேலை பாருப்பா."

"பாக்கற மாதிரி போன் இல்லாதவங்க?"

"நான் வாங்கித் தரேன். சம்பளத்துல பிடிச்சுக்கறேன்."

ஒரு வாரப் பாடத்தை முடிக்காதவருக்கு அரை நாள் சம்பளம் வெட்டு என்பதைக் கடைசியில், போகிற போக்கில் சொன்னார்.

பாடம் போனில் வந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா, பளபளவென்ற சலவைக்கூடத்தில் நின்று சிரித்துக்கொண்டே பேசுவாள். செய்தி வாசிக்கிற தமிழ். ஓடும் ரயிலில் இருந்து பேசுவது மாதிரி வேகம். அந்தச் சலவைக்கூடத்தில் யாருக்கும் வேர்க்கவில்லை. பேசி முடித்ததும் கேள்வி வரும். நாலு பதிலில் ஒன்றை அமுக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவன் தலையைச் சொறிந்தான். தெரியாதவன் சொறியக்கூட இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனவன் அந்த அம்மா வணக்கம் சொல்வதற்குள் குறட்டை விட்டான். என் போன் என் மகன் போட்டு மிதித்து, கண்ணாடி உடைந்து என்னிடம் வந்தது. அதில் அந்த அம்மாவின் முகம் நாலாகத் தெரிந்தது.

மடிக்கிற மேஜையில் ஒருத்தி இருந்தாள். முதல் வாரமே பதில்களின் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டாள். "எது நீளமா இருக்கோ அதை அமுத்து. பாதிக்கு மேல சரியா வருது. தப்பா வந்தா திரும்ப அமுத்து, அதுக்கென்ன கோவமா வரும்?" அன்றிலிருந்து அவளுக்கு வாத்தியாரம்மா என்று பெயர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் போன்களை எல்லாம் மேஜையில் வரிசையாகப் படுக்க வைப்பாள். வெள்ளைக்கோட்டு அம்மா ஒரே நேரத்தில் எல்லாப் போனிலும் சிரிப்பாள். நடுநடுவே போன் நம் முகத்தைக் கேட்கும். கேட்டதும் "யாரோடது கூப்புடுது, வந்து காட்டிட்டுப் போங்க" என்று சத்தம் கொடுப்பாள். கையில் சோற்றோடு ஓடிப்போய்ப் போனுக்கு முகம் காட்டிவிட்டு வருவோம்.

"சாவு வீட்டுல தலை காட்டற மாதிரி" என்பான் மொட்டை.

எல்லோரும் முழு மார்க். முதலாளி அதைப் பெரிதாக அச்சடித்து வாசலில் ஒட்டினார்.

அந்த வரிசையில் போனை வைக்காதவள் என் மருமகள் ஒருத்திதான். உருளையில் ஊட்டுகிற வேலை அவளுக்கு. என் மகன் லாரியோடு போனால் எப்போது வருவான் என்று லாரிக்கே தெரியாது. பேத்தியைத் தூங்க வைத்துவிட்டு இவள் மாடிப்படியில் போய் உட்காருவாள். அங்கேதான் சிக்னல் கிடைத்துப் போனுக்கு உயிர் வரும். படியில் ஏறி இறங்குகிறவர்கள் அவளைத் தாண்டிப் போவார்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கூடவே வாயை அசைப்பாள்.

"எதுக்கும்மா இந்தப் பாடு? வாத்தியாரம்மாகிட்ட குடுத்தா முடிச்சுக் குடுத்துடுவா."

"முடிக்கிறதுக்கு இல்ல மாமா. படிக்கிறதுக்கு."

"படிச்சு?"

"ஒம்பதாவதோட நிறுத்தினாங்க. இது பத்தாவதுன்னு வச்சுக்கறேன்."

கயிற்றுப் பாடம் வந்த அன்று என்னிடம் வந்தாள். "மாமா, விரிப்பு சுருட்டினா கத்தக் கூடாதாம். கத்தினா மத்தவங்க பதறிடுவாங்களாம். கயித்தை இழுக்கணுமாம்."

"அந்தம்மா சொல்லும். நீ கத்து. கத்தினா நான் இருக்கேன்."

அவள் சிரித்தாள். பாய்லர் சத்தத்தில் இந்தக் கிழவன் காதை நம்புவதா, படித்த பாடத்தை நம்புவதா என்று அந்தச் சிரிப்பில் இருந்தது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

பாடத்துக்குக் கீழே கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது. எங்கள் கயிறு மேலே கட்டியிருக்கிறது, என்ன செய்யட்டும் என்று எழுத்துக் கூட்டி எழுதிப் போட்டாள். போட்ட உடனே பதில் வந்தது. கேள்விக்கு நன்றி, தொடர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்தில் சிரிக்கிற ஒரு மஞ்சள் மூஞ்சி.

"அந்தப் பக்கம் ஆளே கெடையாதாம்மா?"

"இருப்பாங்க மாமா. நெறைய பேர் கேப்பாங்கல்ல, நம்ம முறை வரணும்."

முறை வரவில்லை. நேரே சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டாள். எனக்கு முன்னால்தான் கேட்டாள்.

"சார், அந்தக் கயித்தை எறக்கி விடணும். பாடத்துல அப்படித்தான் இருக்கு."

"கயிறு எறங்கினா துணி எறங்கும். துணி எறங்கினா சம்பளம் எறங்கும். எறக்கட்டுமா?" கூடி நின்றவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். "ஒசரமாத்தானே இருக்க? வேணும்னா எட்டிப் பிடிச்சுக்க."

நடந்தது ஒரு திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மூட்டைகளும் சேர்ந்து மலையாகக் கிடந்ததால் சூப்பர்வைசர் உருளையின் வேகத்தைக் கூட்டியிருந்தார். கிழிசல் விரிப்பு ஒன்று முனையில் சுருட்டிக்கொண்டது. மற்றவர்களாக இருந்தால் கையை விட்டுக் கத்தியிருப்பார்கள். என் மருமகள் கத்தவில்லை. இடது கையை மேலே தூக்கிக் கயிற்றை எட்டினாள். எட்டுவதற்காகக் குதிகாலைத் தூக்கினாள். வலது கை விரிப்பிலேயே இருந்தது. விரிப்பு அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது.

கத்தியது அவளுடைய ஜோடி. நான் அறைந்தேன். உருளை நின்றது. நின்றாலும் அது ஆறாது. ஆவி உள்ளேயே இருக்கும். கைப்பிடியைப் போட்டுப் பின்னால் சுற்றித்தான் கையை வெளியே எடுக்க வேண்டும். மொட்டையும் நானும் சுற்றினோம். துருப்பிடித்த கைப்பிடி, லேசில் அசையவில்லை. அப்போதும் அவள் கத்தவில்லை. "மாமா, மாமா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், சந்தையில் ஒருவரைக் கூப்பிடுகிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

கண் விழித்ததும் அவள் பார்த்தது படுக்கை விரிப்பை. மூலையில் எங்கள் சலவைக்கூடத்துக் குறி. நாங்கள் துவைத்தது. அவள் ஊட்டியதாகக்கூட இருக்கலாம். "நல்லாத்தான் இஸ்திரி ஆயிருக்கு" என்றாள். மொட்டை வெளியே போய்விட்டான்.

விசாரணைக்குத் தொழிலாளர் அதிகாரி வருவதாகச் செய்தி வந்ததும் முதலாளி எங்களைக் கூட்டினார். அதற்கு முந்தின நாள் குழாயடியில் நான் வாத்தியாரம்மாவைப் பிடித்துக் கேட்டிருந்தேன்.

"அதிகாரி வந்தா எல்லாரையும் கேப்பாரு. என்ன சொல்லப் போற?"

"என்னை எதுக்கு இழுக்கறீங்க பெரியவரே? ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன். நான் வாயைத் தொறந்தா முதல்ல வெளிய போறது நான்தான். உங்க எல்லாருக்கும் நல்லதுக்குத்தானே அமுத்தினேன்?"

"நல்லதுக்குத்தான்."

"அப்புறம் என்ன?"

குழாயடியை விட்டு வந்தேன். எனக்கு ஆச்சரியமில்லை. சொன்னேனே, யாரையும் நம்புகிறவன் இல்லை என்று.

முதலாளி மடிக்கிற மேஜையில் சாய்ந்துகொண்டு பேசினார். குரலில் தேன் ஒழுகியது. "நடந்தது பெரிய வருத்தம். ராத்திரி சாப்பாடு எறங்கல எனக்கு. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கு. அந்தப் பொண்ணு பாடம் படிச்சு முழு மார்க் வாங்கியிருக்கு. கயித்தை எப்படி இழுக்கணும்னு தெரியும். நீங்களும் அதே பாடத்தைப் படிச்சீங்க. உங்க யாருக்காவது கை போச்சா? அப்ப பாடத்துலயும் குத்தமில்லை, மெஷின்லயும் குத்தமில்லை. கவனக்குறைவு. அதிகாரி கேட்டா, நல்லாப் படிச்சோம், எல்லாம் தெரியும்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

கவனக்குறைவு என்று முடிந்துவிட்டால் அவளுக்கு வைத்தியமும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது. ஒற்றைக் கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் மார்க்கை எல்லாம் கயிறாகத் திரித்து அவள் கழுத்தில் போட்டிருந்தார்கள். அது புரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நான் படிக்கலை" என்றேன்.

"என்ன பெரியவரே?"

"நான் அந்தப் பாடத்தைப் படிக்கலை. எனக்கு எழுத்துக் கூட்டவே வராது."

முதலாளி சிரித்தார். "முழு மார்க் வாங்கியிருக்கீங்க."

"அதான் மொதலாளி எனக்கும் புரியல."

"அப்ப உங்க போன்ல அமுத்தினது யாரு? பேரைச் சொல்லுங்க, உங்களை விட்டுடறேன்."

முதலாளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். யார் பக்கமும் திரும்பவில்லை.

"ஏமாத்தி சர்டிபிகேட் வாங்கினவருக்கு இங்க வேலை இல்லை. போகலாம்."

"நானும் படிக்கலைங்க" என்றான் மொட்டை. "ஒரு தரம் தொறந்தேன். அந்தம்மா வணக்கம்னுச்சு. நானும் வணக்கம்னேன். அதோட சரி."

முடிந்தது, ரெண்டு பேரோடு முடிந்தது என்று நான் கிளம்பத் திரும்பினேன். அப்போது வாத்தியாரம்மா கையிலிருந்த தலையணை உறையைப் பாதி மடிப்பில் வைத்தாள்.

"எல்லாப் போன்லயும் அமுத்தினது நான்தான்."

"நீயா?"

"நான்தான். நானும் படிக்கலை. நீளமான பதிலா பாத்து அமுத்தினேன். கயித்தை எப்படி இழுக்கணும்னு கேட்டா எனக்கு இப்பவும் தெரியாது. அந்தப் பாடத்தை உக்காந்து படிச்சது ஒருத்திதான். அவதான் கை இல்லாம கெடக்கா. நாங்க படிக்காததால கையோட நிக்கறோம்."

"உன்னைப் போலீஸ்ல குடுப்பேன் தெரியுமா?"

"குடுங்க. கூட இவரையும் குடுங்க." சூப்பர்வைசரைக் காட்டினாள். "இவர் போனும் என் மேஜையிலதான் கெடந்துச்சு. முகம் காட்டக் கூப்பிட்டா வரவே மாட்டாரு, நாலு தரம் கத்தணும்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அணையை உடைத்தது. நானும் படிக்கலை, நானும் படிக்கலை என்று ஒவ்வொரு மூலையிலிருந்தும் வந்தது. எல்லோரும் என்று சொல்ல மாட்டேன். இஸ்திரிப் பலகைக்காரர்கள் வாயே திறக்கவில்லை. என் மருமகளின் ஜோடியும் திறக்கவில்லை. புருஷன் படுக்கையில் கிடக்கிறவள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலாளியின் குரலில் தேன் வற்றிவிட்டது. "நாளைக்கு விடியறப்ப மெஷின் ஓடணும். ஓட்டறவங்க இருக்கலாம். மத்தவங்க வர வேண்டாம். வெளிய ஆள் வரிசையில நிக்கறான்."

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாத்தியாரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வராமல் தூண் மறைவில் நின்றாள். நடந்ததை மொட்டை சொன்னான். மருமகள் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் சுண்டிப்போய் இருந்தது.

"நாளைக்கு ஓட்டலைன்னா வேலை இல்லைன்னாரா?"

"ஆமா."

"ஓட்ட மாட்டேன்னு சொல்லலாம்னு பாடத்துலயே இருக்கே."

"எந்தப் பாடத்துல?"

"எட்டாவதுல. கடைசிப் பாடம். 'காப்பு இல்லாத இயந்திரத்தை இயக்க மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. மறுத்ததற்காக அவரை வேலைநீக்கம் செய்யக்கூடாது.' அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லும்."

மொட்டை வாயைப் பிளந்தான். "இது எங்களுக்கும் தெரியுமா?"

"தெரியுமே. முழு மார்க் வாங்கியிருக்கீங்க."

நர்ஸ் வந்து அதட்டுகிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தவள் நடுவிலேயே அழுதாள். வலி ஊசியின் நேரம் முடிந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்க, சொல்லுங்க பாப்போம்" என்றாள். சொன்னோம். ஒருவரும் உருப்படியாகச் சொல்லவில்லை. மறுக்க என்பது மறக்க என்று வந்தது, உரிமை எங்கேயோ போனது. திருத்தினாள். திரும்பச் சொன்னோம். புரியாதவன் நிறுத்திக் கேட்டான். கேட்டவனுக்குப் பதில் கிடைத்தது. வாத்தியாரம்மா தூணை விட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்டே விட்டேன். "அந்தாளு முன்னாடி போய் இதை ஒப்பிச்சா கேட்டுக்குவானாம்மா?"

"தனியா சொன்னா கேக்க மாட்டாங்க மாமா. நான் தனியாதானே சொன்னேன்."

மறுநாள் விடியலில் போனேன். கதவு திறந்திருந்தது. மூட்டைகள் வந்திருந்தன. நான் பாய்லர் பக்கம் போகவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து என் பக்கத்தில் நின்றார்கள். முந்தின நாள் வாய் திறந்தவர்களில் சிலர் வரவில்லை. வராதவர்களை நான் முதலிலேயே கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

சூப்பர்வைசர் எங்களிடம் ஒன்றும் பேசவில்லை. கெட்டிக்காரர், இளைத்த இடம் அவருக்குத் தெரியும். நேரே அந்த ஜோடிப் பெண்ணிடம் போனார்.

"நீ போய் நில்லும்மா. வீட்டுக்காரருக்கு மருந்து வாங்கணும் இல்ல? உனக்கு வேற ஜோடி தரேன்."

அவள் நடந்தாள். தலை குனிந்தபடியே போய் உருளைக்கு முன்னால் தன் இடத்தில் நின்றாள். இஸ்திரிப் பலகைக்காரர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தொட்டால் அவர்களும் தொடுவார்கள். மொட்டை காறித் துப்பினான். நினைத்தது நடக்கிறபோது ஒரு கசப்பு வரும், அது எனக்கு வந்தது.

அவள் மேலே கயிற்றைப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். கூச்சத்தில் குரல் உள்ளேயே போனது.

"காப்பு இல்லாத எந்திரத்தை... இயக்க மறுக்க..."

"தொழிலாளிக்கு" என்று பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள் வாத்தியாரம்மா.

"தொழிலாளிக்கு உரிமை உண்டு. நான் ஓட்ட மாட்டேன் சார்."

சூப்பர்வைசர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இவங்க சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லை. நேத்து இவங்கெல்லாம் போனப்புறம் நான் தனியா போனேன்."

"யாருகிட்ட?"

"என் ஜோடிகிட்ட."

பலகைப் பக்கமிருந்து ஒருத்தி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். இன்னொருத்தி வைத்தாள். சூப்பர்வைசர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார். போலீஸ் வரலாம். வரிசையில் நிற்கிற ஆளும் வரலாம். அதிகாரி வருவாரா, வந்தால் யார் பக்கம் உட்காருவார் என்பதும் எனக்குத் தெரியாது. நான் போய் அந்தப் பெண்ணுக்கு எதிரே, என் மருமகள் நிற்கிற இடத்தில் நின்றேன். மொட்டை என் தோளை இடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.